சொல்பவன் நிற்கும் இடம்

கதை எழுதப் புகுவோர் எதைச் சொல்வது என்று நெடுநேரம் எண்ணுகின்றனர். யார் சொல்வது, எங்கே நின்று சொல்வது என்னும் வினாவை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நான் என்று தொடங்குவதா, அவன் என்று தொடங்குவதா? பாத்திரத்தின் நெஞ்சுக்குள் புகுந்து பேசுவதா, புறத்தே நின்று கண்டதையும் கேட்டதையும் மட்டும் உரைப்பதா? இவ்வினா நாவலோடு பிறந்ததன்று. தமிழில் நாவல் தோன்றுவதற்கு முன்னரே, பிறர் வாழ்க்கையை எழுத முற்பட்ட ஒருவர் இதனை எதிர்கொண்டு தமக்கென ஒரு விடையும் கண்டார். அவர்தாம் ஈழத்துப் பேரறிஞர் சைமன் காசிச்செட்டி.

1807ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியில் அவர் பிறந்தார். ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் அணைத்திருக்க, இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்திலே அமைந்தது அவ்வூர். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. களப்பின் கரைகளில் உப்பு விளையும். கடலில் மீன் படும். இக்கரையோரத்திலே முஸ்லிம்களும் முக்குவரும் பரவரும் செட்டிகளும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒவ்வொரு குலத்தாருக்கும் தம் முன்னோரைப் பற்றித் தாமே சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. அயலார் சொல்லும் வரலாறு மற்றொன்று உண்டு. ஒரு செய்தியே சொல்லும் வாய்க்கேற்ப உருமாறும் என்பதை அறிய, இத்தகைய கரையிற் பிறந்தவனுக்கு நூல் வேண்டுவதில்லை.

இளமையிலேயே பல மொழிகள் கற்ற அவர், முதலில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். மொழிபெயர்ப்பாளன் தொழில் விந்தையானது. பேசுவது அவன் நா. சொல்லப்படுவதோ பிறன் கண்டது. தன் கருத்தை அதிற் கலந்தால் தொழில் கெடும். சொன்னவன் உள்ளத்தை உணராவிடின் மொழி கெடும். இந்த இருபக்கக் கட்டுப்பாட்டிற் பழகியவர், பின்னர் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தார். பிற்காலத்திற் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்து, இரு தரப்பாரும் சொல்லும் கதைகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தார்.

அவருடைய எழுத்தும் இப்பயிற்சியின் வழியே சென்றது. இருபத்தேழாம் வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் பிரிவுகளையும் நெடுங்கணக்கு முறையில் விவரிக்கும் இலங்கை கசற்றியர் என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். பரவரின் தோற்றமும் வரலாறும் குறித்து அவர் எழுதிய கட்டுரை, இலண்டன் இராயல் ஆசியக் கழகத்தின் இதழில் 1837இல் வந்தது. அக்கழகத்தின் இலங்கைக் கிளை 1845இல் நிறுவப்பட்ட பின், அதன் இதழில் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றியும் எழுதினார். காசிச்செட்டியோ கிறித்தவர், காப்பியமோ நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பக்தியோடு பாடுவது. அடியவன் குரலை இரவல் வாங்குவதும் எளிது. மறுப்பவன் குரலில் முழங்குவதும் எளிது. நூல் கூறுவதை நூலின் கூற்றாகவே எடுத்துரைக்கும் நடுவழி அரிது. அவர் அரிய வழியையே மேற்கொண்டார்.

அவ்வழியின் பெருஞ்சோதனை 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த தமிழ்ப் புளூட்டாக் ஆகும். தென்னாட்டினரும் ஈழத்தினருமான ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வாழ்வைச் சுருக்கமாக உரைப்பது அவ்வாங்கில நூல். பெயரைக் கிரேக்க ஆசிரியரிடமிருந்து எடுத்தாரேனும் முறையை எடுத்தாரல்லர். புளூட்டாக் ஒரு கிரேக்கரையும் ஓர் உரோமரையும் இணைத்து நிறுத்தி ஒப்புநோக்கினார். காசிச்செட்டியோ புலவர்களை நெடுங்கணக்கு வரிசையில் வைத்தார். யார் பெரியர், யார் சிறியர் என்னும் தீர்ப்பு அவ்வரிசையில் இல்லை.

புலவர் வரலாறு என்று அவர் கைக்குக் கிட்டியவற்றுட் பெரும்பகுதி செவிவழிக் கதைகளே. ஔவையார் உண்ட நெல்லிக்கனியும், கம்பருக்கும் ஒட்டக்கூத்தருக்கும் மூண்ட பூசலும் யார் கண்ணாற் கண்டவை? இத்தகைய கதைகளை, அருகிருந்து கேட்டவர்போல உரையாடலும் சுவையும் பெருகச் சொல்லும் நெறி ஒன்று உண்டு. 1876இல் வெளிவந்த வீராசாமி செட்டியாரின் விநோதரசமஞ்சரி அந்நெறியிற் சிறந்து, பல தலைமுறைகளை மகிழ்வித்தது. காசிச்செட்டி அவ்விடத்தில் நிற்கவில்லை. மரபு இவ்வாறு கூறுகின்றது என்று சொல்லும் இடத்திலேயே பெரிதும் நின்றார். கதையைத் தள்ளவுமில்லை, அதற்குத் தாமே சாட்சியாகவுமில்லை.

இத்தெரிவுக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. புறத்தே நிற்பவனுக்கு நெஞ்சின் உட்கதவு திறப்பதில்லை. வறுமையுற்ற புலவன் ஒரு புரவலன் வாயிலிற் காத்து நின்றபோது என்ன நினைத்தான் என்பதை அந்நூல் நமக்குச் சொல்லாது. மேலும், ஆங்கிலத்தில் எழுதியமையால் தம் கரையோரத்து மக்களுக்கே அது எட்டாது போயிற்று. யாழ்ப்பாணத்துச் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகமே அவ்வகைப் பொருளைத் தமிழ் கற்போர் கையிற் சேர்த்தது.

தமிழகத்திலே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பின்னர் முன்சீபாகவும் இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இங்கு நினைத்தல் தகும். 1879இல் வெளிவந்த அவரது பிரதாப முதலியார் சரித்திரம், கதைத்தலைவன் தன் வாயாலேயே சொல்லும் கதை. அதனால் நகைச்சுவையும் நெருக்கமும் கைவந்தன. ஆயினும் நான் என்பவன் தான் இல்லாத இடத்து நிகழ்ச்சியைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும். தன் குறையைத் தானே காணவும் இயலாது. ஒத்த தொழிலில் இருந்த இருவர் நேர்மாறான இடங்களில் நின்றனர். ஒருவர் இழந்ததை மற்றவர் பெற்றார். மற்றவர் துறந்ததை இவர் பெற்றார்.

தமிழ்ப் புளூட்டாக் வெளிவந்த மறு ஆண்டிலேயே, 1860 நவம்பர் 5ஆம் நாள், காசிச்செட்டி மறைந்தார். 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு அந்நூல் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. அவர் கொண்ட காலக்கணிப்புகள் பலவற்றைப் பிற்கால ஆராய்ச்சி மாற்றிவிட்டது. ஆயினும் நூல் வீழவில்லை. தமக்குத் தெரிந்ததற்கும் பிறர் சொன்னதற்கும் இடையே அவர் இட்டுவைத்த வரம்பு அதனைக் காத்தது. கதை புனைவோன் அவர் நின்ற இடத்திலேதான் நிற்க வேண்டும் என்பதில்லை. உள்ளே புகலாம், நான் என்றும் பேசலாம். எந்த இடத்தில் நின்றால் எது தெரியும், எது மறையும் என்பதை முதல் வாக்கியத்திற்கு முன்னரே அளந்துகொள்ளுதல் வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் கதையை வாசகன் நெடுந்தூரம் நம்பி வருவதில்லை.