அச்சுக்கூடம் நடத்திய ஆறுமுக நாவலர்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் பிணைத்து நிற்கும் ஒடுங்கிய வாயில் ஆனையிறவு. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளை ஆழமற்ற பரவைக்கடல் வழியே குடாநாட்டுக்குக் கொண்டுசென்றமையால் இப்பெயர் எய்தியதென்பர். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கொண்டிருந்தனர். பிற்காலத்தில் இவ்வூர்க்குப் புகழ் தந்த உப்பளம் 1990 ஆம் ஆண்டுப் போரோடு முடங்கிற்று; 2025 ஆம் ஆண்டிலேதான் உப்புத் தொழிற்சாலை மீளத் திறக்கப்பட்டது. இங்கிருந்து பரந்தன், கிளிநொச்சி என நீளும் கண்டி வீதியில், போரில் யாவற்றையும் இழந்து வெறுங்கையோடு மீண்டும் தொடங்கிய சிறு கடைக்காரரும் கைத்தொழிலாளரும் பலர்.

இவர்களிடம் பேசுவோர் பெரும்பாலும் கேட்பது முதல் இல்லை என்னும் முறைப்பாடே. முதல் வேண்டுவதுதான். எனினும், ஒத்த முதலோடு ஒரே தெருவிலே தொடங்கிய இருவருள் ஒருவர் நிலைப்பதும் மற்றவர் கடையை மூடுவதும் நாம் காணாத காட்சியன்று. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது? தொழிலை நடத்துபவரின் நாளாந்தப் பழக்கமே என்பது எமது கருத்து. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வசனநடைக்கும் சைவப் பிரசங்கத்துக்கும் நாம் போற்றும் நல்லூர் ஆறுமுக நாவலர் முப்பது ஆண்டுகள் அச்சுக்கூடம் ஒன்றை நடத்திய முதலாளியுமாவார். இப்பகுதியை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாவலர் 1822 ஆம் ஆண்டு மார்கழியில் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாய்ப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமிழைச் சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடமும், ஆங்கிலத்தை வெசிலியன் மிசன் பாடசாலையிலும் கற்றார். அப்பாடசாலையிலேயே ஆசிரியராகிப் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். பல ஆண்டுகள் நீடித்த இப்பணியை அவருடைய தொழிற் பயிற்சி என்றே கொள்ளலாம். ஒரு நூலைத் திருத்தித் திருத்திப் பிழையறச் செய்வது, அச்சுக்குக் கொடுப்பது, பாடசாலைக்கு வேண்டும் புத்தகங்களைத் திட்டமிட்டு ஆக்குவது என்பவற்றையெல்லாம் அருகிருந்து காணும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. பிறரிடம் ஊழியஞ் செய்யும் காலத்தைக் கூலிக்காலம் என்று கழியாது கற்குங்காலம் ஆக்கிக்கொள்பவனே பின்னர்த் தன் தொழிலைத் தானே நடத்த வல்லனாகிறான்.

1848 ஆம் ஆண்டில் மதிப்பும் ஊதியமும் உள்ள அப்பதவியைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மாணாக்கர் வந்தனர், கையிலே கொடுக்க ஏற்ற புத்தகம் இல்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரத்தின் வலிமையை நன்கறிந்து பயன்கொண்டவர்கள் மிசனரிமாரே. குறையைச் சொல்லி வருந்திக்கொண்டிராது, 1849 ஆம் ஆண்டில் மாணாக்கராகிய நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். இப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. யந்திரத்தை வாங்கியதோடு அவர் அமையவில்லை. சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அங்கேயே அச்சிட்டு வெளியிட்ட பின்னரே ஊர் திரும்பினார். வாங்கிய கருவியை வீட்டுக்குக் கொணர்ந்த பின்னர்த் தொழில் பழகலாம் என்றிருப்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

வண்ணார்பண்ணையிலே நிறுவிய அச்சுக்கூடத்துக்கு வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். முதலிலே எவற்றை வெளியிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. தம் புலமையைக் காட்டும் அரும்பெரு நூல்களுக்குமுன் சிறுவர்க்கான பாலபாடங்களும் நீதிநூல்களும் வந்தன. தேவை எங்கே உண்டோ அங்கே தொடங்கினார். நன்னூல் விருத்தியுரை, பெரியபுராண வசனம் முதலியன அடுத்தடுத்து வெளிவந்தன. பின்னாளிலே சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சுக்கூடம் அமைந்தது. திருக்கோவையார் உரை, திருக்குறட் பரிமேலழகர் உரை போன்ற பெருநூல்கள் 1860 ஆம் ஆண்டை ஒட்டிப் பதிப்பிக்கப்பட்டன. இத்தகைய பதிப்புகளுக்கு இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவி புரிந்தார்.

இனி, அவர்தம் பழக்கங்களுள் தலையாயதைக் கூறுவாம். வாங்குவோனுடைய நம்பிக்கை எந்த வேலையைப் பொறுத்து நிற்கின்றதோ, அந்த வேலையை அவர் பிறர் கையில் விட்டு வாளாவிருந்ததில்லை. யந்திரத்தைச் சுழற்றவும் தாளை மடிக்கவும் பிறர் இருக்கலாம். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிவதும், அச்சுப்பிழை பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. சந்தி பிரித்தும், வேண்டுமிடங்களிற் குறியீடுகள் இட்டும், கற்கத் தொடங்குவோனும் தடையின்றி வாசிக்குமாறு பக்கத்தை அமைத்தார். இதனால் நாவலர் பதிப்பு என்ற பெயரே பிழையற்ற நூல் என்பதற்கு உறுதிமொழியாயிற்று. ஏட்டையும் அச்சையும் ஒருங்கே ஐயுற்ற ஒரு காலத்தில், பெயர் ஒன்றே நூலை விற்றுத் தருமளவுக்கு அதனை வளர்த்தெடுத்தல் எளிதன்று. உப்பு விற்போனுக்கு நிறையும் தூய்மையும், தையற்காரனுக்குச் சொன்ன நாளும் தைத்த அளவும், உணவு சமைப்போனுக்கு நீரும் கையும் அவ்வாறான உயிர்நிலைகள். ஏனையவற்றைப் பகிர்ந்து கொடுக்கலாம். உயிர்நிலையை முதலாளி நாள்தோறும் தன் கண்ணாற் காணல் வேண்டும்.

அவ்வாறாயின் யாவற்றையும் தானே செய்து சோர்வதோ என்று மாணாக்கர் வினவக்கூடும். அன்று. நாவலர் ஊர்தோறும் பிரசங்கஞ் செய்தார். 1864 ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் வித்தியாசாலை நிறுவினார். கடல் கடந்து பன்முறை சென்றுவந்தார். அவர் இல்லாத வேளையிலும் வேலை நடந்தமைக்குக் காரணம், தொடக்கத்திலேயே ஆளைப் பழக்கியமையாம். இயந்திரம் வாங்கச் சென்ற நாளில் உடனழைத்துச் சென்ற சதாசிவப்பிள்ளையே பின்னர்ச் சென்னை அச்சுக்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். தொழிலின் முதல் நாளிலேயே அடுத்து நடத்துபவனையும் அருகே நிறுத்திக்கொண்டது பெருந்தகைமையன்றோ!

அவருக்குத் தோல்வியும் உண்டு. 1872 ஆம் ஆண்டிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருள் போதாமையால் நான்காண்டளவில் அதனை மூட நேர்ந்தது. தாம் பெரிதும் விரும்பிய ஒன்றை மூடுதல் மனத்துக்குக் கடினம். எனினும், அது தாழ்ந்தபோது அச்சுக்கூடமும் பழைய வித்தியாசாலைகளும் உடன் தாழவில்லை. ஒரு கிளை பட்டபோது மரத்தையும் வீழ்த்திவிடாமை தலைமைக்குரிய அறிவு. சிறுதொழில் செய்வோர் பலர் பழைய கடையின் இலாபத்தையெல்லாம் புதிய கடையில் இட்டு இரண்டையும் இழத்தல் கண்கூடு. நாவலர் விரும்பிய ஆங்கிலக் கல்வி நோக்கமோ மாளவில்லை. அவர் வழிவந்தோர் முயற்சியால் 1890 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் மலர்ந்தது.

குணத்தோடு குற்றமும் நாடுதல் நம் மரபு. சாதி பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை இன்று ஏற்கத்தக்கதன்று. கண்டனங்களில் அவர் சொல் கடுமையானது. அதனாற் பகையும் வழக்கும் வளர்ந்தன. வாடிக்கையாளரையும் அயலவரையும் நம்பி வாழும் சிறு வணிகர் அவரிடம் கற்கத் தகாதது இதுவே.

அவரது தொழில் எதற்காக நடந்தது என்பதையும் மறத்தலாகாது. மணஞ்செய்யாது, தமக்கெனப் பொருளீட்டாது, மாணாக்கரிடம் சம்பளம் பெறாத பாடசாலைக்காக அவர் அச்சுக்கூடம் நடத்தினார். 1877 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளைக் காத்தார். எல்லா வணிகரும் துறவியராதல் கூடாது. மனைவி மக்களைக் காத்தலும் அறமே. ஆயினும், இன்னது செய்யவே இக்கடை என்னும் தெளிவுடையான், இலாபம் குறைந்த மாதத்திலும் நிறையைக் குறைக்கத் துணியான்.

1879 ஆம் ஆண்டு மார்கழி 5 ஆம் நாள் நாவலர் மறைந்தார். அச்சுக்கூடம் மறையவில்லை, அவர் பழக்கிய கைகளில் மேலும் பல ஆண்டுகள் அதே பெயரோடு நூல்களை வெளியிட்டுக்கொண்டிருந்தது. நிறுவியவர் போன பின்னும் வாங்குவோர் நம்பிக்கை குன்றாது நின்றதே அவர் ஈட்டிய முதல். அம்முதலைக் கடனாகப் பெற இயலாது. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தாமே சேர்த்தல் வேண்டும்.