சகோதரி சுப்புலட்சுமி (1886–1969)

மாணவர்களே, தந்தையை இழந்த வீட்டில் தாய் தனியே நின்று, கொழுந்து பறித்தோ இறப்பர்ப் பால் வெட்டியோ பிள்ளைகளைப் படிக்க வைப்பதை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தாயின் சம்பளம் சிறிதெனினும் அது அவரது சொந்த உழைப்பில் வருவது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கணவனை இழந்த பிராமணப் பெண்ணுக்கு அதுவும் இருக்கவில்லை. தலையை மழித்து, உறவினர் வீட்டு மூலையில் பிறர் தயவில் காலங்கழிப்பதே அவளுக்கு விதிக்கப்பட்டிருந்தது. இந்நிலையை மாற்ற முயன்றவரே சகோதரி சுப்புலட்சுமி.

இவர் 1886 இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போதே மணமுடித்து வைக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். எனினும் பெற்றோர் ஊரார் ஏச்சைப் பொருட்படுத்தாது அவரைப் படிக்க வைத்தனர். 1911 இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதலாவது இந்துப் பெண் பட்டதாரி எனப்படுபவர் இவரே. பரீட்சை விடைகளில் பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் இவரது வாழ்வின் முக்கியமான பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

அக்காலத்தில் பெண்களுக்கான பாடசாலைகள் பெருகி வந்தன. கற்பிக்கப் பெண் ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. மறுபுறத்தில் இளம் விதவைகள் வேலையின்றி வீடுகளில் முடங்கிக் கிடந்தனர். இவ்விரு குறைகளையும் ஒன்றால் ஒன்று தீர்க்கலாம் என்பதைச் சுப்புலட்சுமி கண்டார். விதவைகளுக்குச் சோறும் உடையும் கொடுத்துக் காப்பது மட்டும் அவர் நோக்கமன்று. அவர்களை ஆசிரியைகளாக்கிச் சம்பளம் பெறச் செய்வதே அவர் திட்டம். 1912 அளவில் நான்கு விதவைச் சிறுமிகளுடன் தம் தந்தையின் வீட்டிலேயே இப்பணியைத் தொடங்கினார். பாடசாலைப் பரிசோதகரான லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி துணை நின்றார், அரசாங்கமும் உதவியது.

இல்லத்தில் சேருவோர் தொகை கூடியது. சில ஆண்டுகளில் அது கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்துக்கு மாறியது. முன்னர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த இடம் அது! 1897 இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். வைதிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அங்கு படித்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியேறினர்.

இவ்வில்லத்தின் குறையையும் நீங்கள் அறிதல் வேண்டும். ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஊராரின் எதிர்ப்பைத் தணிக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்பர். அதனால் உதவி தேவைப்பட்ட ஏனைய பெண்கள் பலர் வெளியே நின்றனர் என்பதை மறுக்க முடியாது. சாதி வேறுபாடின்றிப் பெண்களை ஏற்ற ஔவை இல்லத்தை 1930 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார்.

வயது கடந்தவர்களையும் சுப்புலட்சுமி மறக்கவில்லை. வளர்ந்த விதவைகளும் படிப்பதற்காக 1920களில் சாரதா வித்தியாலயம் உருவானது. 1942 இல், படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் ஆரம்பிக்கப்பட்டது. குடும்பப் பெண்கள் பலர் அங்கே மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுத்தனர்.

1958 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969 இல் காலமானார். 1922 இல் இவரை முதலாவது அதிபராகக் கொண்டு தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, சென்னைக் கடற்கரையோரத்தில் இன்றும் ஆசிரியைகளைப் பயிற்றி வருகிறது.