கன்னடத்துக்கு அகராதி தந்த ஜெர்மன் பாதிரியார்

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில், மேயோ ஹால் அருகே, ஒரு வெள்ளைக்காரருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். தமிழர் நிறைந்த ஆஸ்டின் டவுனுக்கும் கிட்டெல் நகர் என்று அவர் பெயரையே சூட்டினார்கள். கவர்னரோ கலெக்டரோ அல்ல அவர், ஆங்கிலேயர்கூட அல்ல. ஜெர்மன் தேசத்துப் பாதிரியார் பெர்டினாண்ட் கிட்டெல்.

1832ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வட ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் இறையியல் பயின்று, 1853இல் பாசல் மிஷன் ஊழியராக இந்தியா வந்தார். அப்போது வயது 21. தார்வார், மங்களூர், மடிக்கேரி ஆகிய ஊர்களில் பணியாற்றினார். பிரசங்கம் செய்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், பிள்ளைகளுக்குப் பாட நூல்களும் எழுதினார். ஏசுவின் சரித்திரத்தைக் கன்னட யாப்பில் பாடி, 1862இல் 'கதாமாலே' என்று வெளியிட்டார். இடையில் மனைவியை இழந்தார். பின்னர் அவருடைய தங்கையையே மணந்தார்.

மதம் பரப்ப அனுப்பப்பட்டவர், ஓலைச்சுவடிகளோடும் பண்டிதர்களோடும் பொழுதைக் கழித்தால் மேலிடத்துக்குப் பிடிக்குமா? மனத்தாங்கல்கள் ஏற்பட்டன. கிட்டெல் விடவில்லை. பழைய இலக்கண நூலான 'சப்தமணிதர்ப்பண'த்தை 1872இலும், நாகவர்மனின் யாப்பு நூலை 1875இலும் பதிப்பித்தார். மிஷனே பின்னர் பெரிய அகராதி ஒன்று தேவை என்று அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது.

சுமார் இருபது ஆண்டுகள் அந்த ஒரே வேலை! காவியங்களில் மட்டுமல்ல, பாமரர் பேச்சிலும் பழமொழிகளிலும் சொல் தேடினார். கண் பார்வை மங்கியது, உடல் தளர்ந்தது. 1892இல் தாய்நாடு திரும்பினார். 1894இல் மங்களூரில் அகராதி வெளிவந்தது. சுமார் 70,000 சொற்கள், 1,700 பக்கங்களுக்கு மேல்.

தமிழர்கள் இதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கன்னடச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழ், தெலுங்கு, மலையாளம், துளு உறவுச் சொற்களையும் தந்திருக்கிறார். நமது பால் இங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில் தொடங்கியவைதாம், பிற்காலத்தில் ஹகரமாயின. சமஸ்கிருதத்தில் புகுந்துள்ள திராவிடச் சொற்கள் இவை என்று முன்னுரையில் நீண்ட பட்டியலே கொடுத்தார். எல்லாம் அங்கிருந்து வந்தவையே என்று பலர் நம்பிய காலம் அது. அவர் பட்டியல் முழுவதையும் இன்றைய அறிஞர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கேள்வியை எழுப்பவே துணிச்சல் வேண்டியிருந்தது.

1896இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஓய்ந்திருக்க வேண்டிய வயதிலும் கன்னட இலக்கணம் ஒன்றை எழுதி முடித்தார். 1903இல் அது அச்சேறியது. அவ்வாண்டு டிசம்பர் மாதம் டூபிங்கனில் கிட்டெல் காலமானார்.

அவருடைய அகராதியை மரியப்ப பட்டர் திருத்தி விரிவாக்கினார். அந்தப் பதிப்பை 1968 முதல் 1971 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது நமது சென்னைப் பல்கலைக்கழகம்.