கப்பலோட்டிய தமிழரின் உள்ளமைதி

பொருநை நதி கடலொடு கலக்கும் புன்னைக்காயல் முதலாகத் தூத்துக்குடி நோக்கி நீண்டு கிடக்கும் இக்கரை, பண்டு முத்துக்குளித்தலால் உலகறிந்த கரையாகும். முத்துக்குளிப்போர் கல்லின் பாரத்தால் கடலடி சேர்ந்து, ஒரு மூச்சு நிற்கும் அளவில் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மேலெழுவர். தோணியருகே சிறிது இளைப்பாறிய பின்னரே மீண்டும் மூழ்குவர். அச்சிறு பொழுது இல்லையேல் தொழிலும் இல்லை, உயிரும் இல்லை. உலகியற் கடலில் மூழ்கி உழைக்கும் நமக்கும் இம்முறை வேண்டுவதே. இதனைத் தம் வாழ்வால் விளக்கிய பெரியார் ஒருவர் இக்கரையிலேயே விளங்கினார். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளை, பரமாயி அம்மையார் ஆகியோர்க்கு மகவாய்த் தோன்றினார். வழக்கறிஞராய்த் தூத்துக்குடியில் புகழெய்தினார். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிக் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொணர்ந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே செலுத்தினார். வழக்குரைத்தல், பங்கு திரட்டல், மேடைப் பேச்சு, ஆலைத் தொழிலாளர் துயர் தீர்த்தல் என அவர்தம் நாட்கள் பணியால் நிரம்பின.

1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கில அரசு அவரைச் சிறைப்படுத்தியது. விதிக்கப்பெற்ற தண்டனை இருமுறை இருபது ஆண்டு. பின்னர் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார். சணல் கிழிக்கும் பொறியைச் சுழற்றிக் கையின் தோல் உரிந்தது. மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். வெளியே, 1911-ஆம் ஆண்டில், அரும்பாடுபட்டு அமைத்த கம்பெனியும் கலைந்தது.

இந்நிலையில் மனம் உடையாதார் யார்? பிள்ளையவர்களோ, கடும் பணிக்கிடையே கிடைத்த சிறு பொழுதுகளை நூலுக்கும் சிந்தனைக்கும் ஆக்கினார். எண்ணத்தின் வண்ணமே வாழ்வு அமையும் என விளக்கும் ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றைத் தமிழாக்கினார். அது ‘மனம் போல வாழ்வு’ என்னும் பெயரால், அவர் சிறையிலிருக்கையிலேயே, 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடலைப் பூட்டியவர்களால் உள்ளத்தைப் பூட்ட இயலவில்லை.

1912-ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்றார். முன்னைச் செல்வம் இல்லை. சென்னை, கோயம்புத்தூர், கோவில்பட்டி என ஊர்தோறும் பிழைப்புத் தேடும் நிலை வந்தது. அக்காலத்தும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1934-ஆம் ஆண்டில் ஆலனின் மற்றொரு நூலைச் ‘சாந்திக்கு மார்க்கம்’ எனத் தந்தார். தியானத்தின் ஆற்றலைக் கூறுவதே அதன் முதல் இயல். மறு ஆண்டில் சைவ சித்தாந்தத்தின் தலைநூலாகிய சிவஞான போதத்திற்கு உரை வெளியிட்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் இவ்வுலக வாழ்வு நீத்தார்.

அன்பர்காள்! இக்குடமுழுக்கிற்குப் பொருளீந்த உங்களுட் பலர் ஓய்வறியாத் தொழிலினர். தொழில் குறைந்தபின் இறைவனை எண்ணலாம் எனக் காத்திருத்தல், அலை ஓய்ந்தபின் நீராடக் கருதுவாரை ஒக்கும். பிள்ளையவர்கள் ஓய்வு வருமென்று காத்திருந்தாரில்லை. செக்கடியிலும் அதனைத் தேடிக்கொண்டார். அவர் உரைகண்ட சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் ஒன்பதாவது, திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலையே வற்புறுத்துகின்றது.

நாளொன்றுக்கு நாழிகை அறுபது. அவற்றுள் ஒன்று, அஃதாவது 24 நிமிடம், நமக்கென வைப்போம். மாலை விளக்கேற்றும் போது கணக்கேட்டை மூடி, திருநீறணிந்து, பேச்சொழிந்து அமர்ந்து, ஐந்தெழுத்தை உள்ளே எண்ணுவோம். முழுமையாய் இயலாதார் பாதி நாழிகையேனும் தொடங்குக. இன்று கல்லாலாய கோயில் புதுநீராடுகின்றது. அந்த ஒரு நாழிகையில் நம் உள்ளக்கோயில் நாடோறும் நீராடும்.

திருச்சிற்றம்பலம்.