ஹேர்மன் வைல்

ஜேர்மனியின் எல்ம்ஸ்ஹோர்ன் நகரில் 1885 இற் பிறந்த ஹேர்மன் வைல், கோட்டிங்கனில் ஹில்பேட்டிடம் கணிதம் பயின்று, 1913 இற் சூரிச் சென்றார். ஈர்ப்பென்பது வெளியும் காலமும் கொள்ளும் வளைவே என ஐன்ஸ்ரைன் நிறுவியபின், வைலின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. தொலைவிடங்களின் திசைகளை நேரே ஒப்பிட இயலாதெனின், நீளங்களை மட்டும் ஒப்பிடுவதெவ்வாறு? அளவுகோலும் இடத்துக்கிடம் மாறலாமெனக் கொண்டு, 1918 இல் ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கேத்திரகணிதத்திற் பிணைத்தார். ஐன்ஸ்ரைன் அதன் அழகை மெச்சினார், உண்மையை மறுத்தார். அவ்வாறாயின் வெவ்வேறு வழிவந்த அணுக்கள் வெவ்வேறு நிறமாலைக் கோடுகளைக் காட்டவேண்டுமே! வைல் எளிதில் இணங்கவில்லை. பிடிவாதம் அறிஞர்க்கும் உண்டு. ஆயினும் 1929 இல் அச்சமச்சீரை நீளத்தினின்று விடுவித்து, இலத்திரன் அலையின் அவத்தைக்கு உரியதாக்கினார். அங்கே அது நிலைத்தது.

மனைவி யூத வழியினராதலின் 1933 இல் நாடு துறந்து பிரின்ஸ்ரன் சேர்ந்தார். ஈர்ப்பையே அத்தகைய சமச்சீரினின்று பெறும் உட்டியாமாவின் கட்டுரை 1956 இல் வெளிவந்தது. வைல் முந்திய டிசெம்பரிற் சூரிச்சிற் காலமாகியிருந்தார்.