தூரத்தை நீக்கிய அய்யா வைகுண்டர்



கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சாஸ்தாங்கோயில்விளை என்று ஒரு சிற்றூர். அதுவே இன்றைக்கு உலகம் அறிந்த சாமிதோப்பு. 1809-ஆம் ஆண்டு அவ்வூரில் பொன்னுமாடனுக்கும் வெயிலாள் அம்மைக்கும் மகனாக அய்யா பிறந்தார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். சான்றோர் குலத்துப் பிள்ளைக்கு முடியும் வேண்டாம், பெருமாளும் வேண்டாம் என்று மேல்சாதியார் எதிர்க்கவே, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளையின் பெயர்கூடப் பிறர் அனுமதிக்க வேண்டிய காலம் அது.

திருவிதாங்கூர் நாட்டில் அப்போது தீட்டைக் காலடியால் அளந்தார்கள். சான்றோர் ஒருவர் நம்பூதிரி பிராமணரிடமிருந்து 36 அடி தள்ளி நிற்க வேண்டும். நாயர் என்றால் 12 அடி. கோயிலுக்குள் போவது கனவிலும் இல்லை. பெண்கள் பாடு இன்னும் கொடியது. தோளில் சீலை போடக்கூடாது. பொன் நகை அணியக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் உரிமை இல்லை, தலையில்தான் சுமக்க வேண்டும். மானத்தை மறைக்க ஒரு முழத் துணி போட்டதற்காக அடித்துத் துணியைக் கிழித்த கொடுமை அந்த நாட்டில் நடந்தது.

தூரம் என்ற சொல் அன்னூர், அவிநாசி பக்கத்துத் தாய்மார்களுக்கும் தெரிந்த சொல்தான். மாதவிலக்கு ஆன பெண்ணை இங்கே வீட்டுக்குத் தூரம் என்றே சொல்கிறார்கள். மூன்று நாள் திண்ணை, தனித் தட்டு, தனி டம்ளர். சான்றோரைத் தள்ளி வைத்ததும் தூரம், பெற்ற தாயைத் தள்ளி வைப்பதும் தூரம். இதை மனதில் வைத்துக்கொண்டு அய்யாவின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

முத்துக்குட்டிக்கு 24 வயது நடக்கும்போது கடும் நோய் வந்து படுக்கையில் விழுந்தார். வைத்தியம் எதற்கும் கேட்கவில்லை. வெயிலாள் அம்மை கனவில் கண்டபடி, மாசித் திருவிழாவுக்கு மகனைத் திருச்செந்தூர் கொண்டுபோகத் துணிந்தார். உறவினர் சுமந்து வர, அந்தத் தாய் கூடவே நடந்தார். திருச்செந்தூரில் கோயில் நடை அவர்களுக்கு அடைத்திருந்தது. கடலை அடைத்துவைக்க மட்டும் யாராலும் முடியவில்லை. முத்துக்குட்டி கடலுக்குள் இறங்கிப் போனார். மூன்று நாள் அந்தத் தாய் கரையை விட்டு நகராமல் அழுது நின்றார். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள், அதாவது 1833-இல், கடலிலிருந்து எழுந்து வந்தவர் வைகுண்டர். தாம் இனி அவளுக்கு மட்டும் மகன் அல்ல, நாராயணரின் மகன் என்று தாய்க்கு உணர்த்தினார். வைகுண்டரின் முதல் உபதேசத்தைக் கேட்டவர் கோயிலுக்குள் போக முடியாத ஒரு பெண் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஊர் திரும்பிய அய்யா ஆறு ஆண்டு தவம் இருந்தார். இரண்டு ஆண்டு குழிக்குள், இரண்டு ஆண்டு தரையில், இரண்டு ஆண்டு மேடையில். கூட்டம் பெருகுவதைக் கண்டு மன்னர் சுவாதித் திருநாள் அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் நூறு நாளுக்கு மேல் சிறை வைத்தார். புலிக்கூண்டில் விட்டும் புலி தீண்டவில்லை. விடுதலை தருவதற்கு மன்னர் ஒரு நிபந்தனை வைத்தார். தம் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக அய்யா எழுதித் தர வேண்டும். அய்யா அதற்கு இணங்கவில்லை. எல்லாச் சாதியையும் ஒன்றாக்க வந்தவர் அப்படி எப்படி எழுதிக் கொடுப்பார்?

சிறை மீண்ட பிறகு நடந்ததுதான் துவையல் தவசு. 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரைக்குப் போயின. ஆண்கள் மட்டும் போன தவம் அல்ல அது. பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். நாளுக்கு மூன்று வேளை குளியல், உடுத்திய துணியைத் துவைத்து உடுத்தல், ஒரு வேளைச் சாப்பாடு. நோய் வந்து சிலர் இறந்தும் தவசு நிற்கவில்லை, பின்னர் முட்டப்பதியில் தொடர்ந்தது. இவ்வளவு குடும்பங்கள் மாதக்கணக்கில் ஒரே கரையில் இருந்தால், மாதவிலக்கு வராத குடும்பம் ஏது? வீடே இல்லாத மணலில் வீட்டுக்குத் தூரம் என்று எங்கே போய் உட்கார்வது? அழுக்கு என்றால் தண்ணீரில் போகும். அதைத்தான் துவையல் கற்றுத் தந்தது.

சுத்தம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது நியாயம். அய்யாவைப் போல் சுத்தத்தை வற்புறுத்தியவர் இல்லை. அந்த நாளில் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறதே என்றும் சொல்வார்கள். ஓய்வு நல்லதுதான். ஆனால் உடம்பு முடியாமல் ஒருத்தி தானாகப் படுப்பது வேறு, அவள் தொட்ட செம்பைக் கழுவி வைப்பது வேறு. பல தாங்கல்களில் பெண்கள் உச்சிப்படிப்புக்குக்கூட வராமல் தாங்களே வாசலோடு நின்றுவிடுகிறார்கள். தடுத்தவர் பெயரைக் கேட்டால் சொல்ல ஆள் இல்லை, வழக்கம் என்கிறார்கள். சான்றோரை 36 அடி தள்ளி நிறுத்தியதும் வழக்கம்தானே.

சாமிதோப்பில் முத்திரிக்கிணறு உண்டு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டி வந்தார்கள். பெண்கள் மேனியை மூடித் தலை நிமிர்ந்து வந்தார்கள். சிலையும் பூசாரியும் இல்லாத இடத்தில் கண்ணாடி இருந்தது. அதில் தெரிவது வணங்க வந்தவரின் முகம். எல்லாவற்றிலும் பெரியது தொட்டு நாமம் இடுதல். அடி அளந்து விலகி நின்ற நாட்டில், ஒருவர் மற்றவரின் நெற்றியை விரலால் தொட்டுத் திருமண் இட்டார். இன்றும் பணிவிடையாளர் அப்படியே இடுகிறார்.

1851-ஆம் ஆண்டு வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் சென்றார். எட்டு ஆண்டு கழித்து, 1859 ஜூலையில், தோள் சீலைக்கு மன்னர் ஆணை வந்தது. கோயில் கதவு லேசில் திறக்கவில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார் மக்கள் நுழைந்ததற்கு வழக்கு லண்டன் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல்தான் ஆலயப் பிரவேச அறிக்கை வந்தது. அன்று சாதித் தூரம் சட்டத்தில் போனது. பெண்ணின் தூரம் அப்படியே இருக்கிறது. 10 முதல் 50 வயதுப் பெண்கள் சபரிமலை போகக்கூடாது என்று 1991-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வழக்கு இன்னும் பெரிய அமர்வுக்குப் போயிற்று. நம் கோவை வெள்ளியங்கிரியிலும் பருவ வயதுப் பெண்கள் ஏழு மலை ஏறுவதில்லை என்ற வழக்கம் உண்டு. அதே 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைக்கப்பட்ட ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். வீட்டுக்குள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

ஆண்டுதோறும் மாசி 20-இல் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போகிறது. பிழைப்புக்காகக் கொங்கு நாட்டில் குடியேறியவர்களும் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போகிறார்கள். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் அய்யா சிவசிவ என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கு இன்று எத்தனையாம் நாள் என்று யாரும் கேட்பதில்லை.