ஐடா ஸ்கடர் யார்? காசில்லாதவர்களைத் தேடிப்போன வேலூர் டாக்டரின் கதை

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியிருக்கிறது பாலசமுத்திரம். இந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய நோய் என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது வேலூர் சிஎம்சி. கையில் காசு இல்லாதவர் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்தான் அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா மருத்துவ மிஷனரி. ஆனால் ஐடாவுக்கு டாக்டராகும் எண்ணமே இல்லை. திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று பேர் அடுத்தடுத்து வந்து உதவி கேட்டனர். மூவரின் மனைவிகளும் பிரசவ வலியில் இருந்தனர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பெண்களுமே இறந்துபோனார்கள்.

அதன்பிறகே மருத்துவம் படிக்க அமெரிக்கா போனார். 1899-ல் பட்டம். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் நன்கொடைப் பணத்தில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வர வழியில்லாதவர்களுக்கு? குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்.

1960-ல் கொடைக்கானலில் காலமானார். சிஎம்சியில் இன்றும் எல்லாமே இலவசம் இல்லை. வசதியுள்ளவர்கள் கட்டும் பணமும் நன்கொடையும் சேர்ந்துதான் ஏழைகளின் பில்லைக் குறைக்கின்றன. அந்தச் சலுகையைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.